மீசையைத் தூக்கிய ஷெரீப்

சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோவது டெல்ஃபியின் வேலை.

டெல்ஃபிக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா கோரா, எங்கள் ஆண்ட்லர் ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடையை நடத்தினாள். சிறையில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் அங்கிருந்துதான் தட்டு போகும். தகரத் தட்டு, அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. டெல்ஃபி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தெருச்சேற்றைத் தாண்டித் தாண்டி நடப்பாள்.

சிறை வாசலில் ஊரின் காவல் அதிகாரியான ஷெரீப் ஹாஸ்கெல் உட்கார்ந்திருப்பார்.

அவர் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. அவ்வளவு பெரிய ஆள். நரைத்த மீசை இரண்டு உதடுகளையும் மூடிக்கொண்டு கீழே தொங்கும். அவர் பேசும்போது வாய் அசைவது தெரியாது, மீசைதான் அசையும். குரல் மரத்தரையில் பீப்பாய் உருள்வது போல வரும்.

"துணியைத் தூக்கு," என்பார்.

டெல்ஃபி தூக்குவாள். அவர் ஒரு சோள ரொட்டியை எடுத்து மீசைக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்.

"விஷம் இருக்கான்னு பாக்கறேன்."

"எங்கம்மா சமையல்ல விஷம் எப்படி வரும்?"

"அதை நீ சொல்லக் கூடாது. நாக்கு சொல்லணும். தட்டை வெச்சிட்டுப் போ."

தினமும் ஒரு ரொட்டி குறைந்தது. கைதிகள் பாவம் என்று டெல்ஃபி ஒரு ரொட்டியைக் கூடுதலாக வைத்து எடுத்து வந்தாள். அன்றிலிருந்து ஷெரீப் இரண்டு ரொட்டிகளில் விஷம் பார்த்தார்.

ஊரில் எல்லோருக்கும் அவரைக் கண்டால் பயம். டெல்ஃபிக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் போன குளிர்காலத்தில் மதுக்கடை ஜன்னல் வழியாக அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். குடித்துவிட்டு ஒருவன் கைத்துப்பாக்கியை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்களெல்லாம் மேஜைக்கு அடியில் கிடந்தார்கள். ஷெரீப் கோராவின் கடையிலிருந்து ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதை அவன் முன்னால் வைத்தார்.

"குடி. ஆறிடும்," என்றார்.

குடிக்க அவனுக்கு ஒரு கையில் கிண்ணம் வேண்டும், ஒரு கையில் கரண்டி வேண்டும். துப்பாக்கியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அவன் யோசித்து யோசித்து, கடைசியில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். ஷெரீப் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு டெல்ஃபிக்குப் பயத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது.

செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சிறைக்கு ஒரு புதுக் கைதி வந்தார். அவர் பெயர் ஹல்வோர். நார்வே நாட்டிலிருந்து வந்து, ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் நிலம் எடுத்து உழுதுகொண்டிருந்தவர். வைக்கோல் நிறத் தலைமுடி. எங்கள் மொழியில் மொத்தம் இருபது வார்த்தை தெரிந்தால் அதிகம். அவரோடு ஒரு கோவேறு கழுதையும் வந்து சேர்ந்தது. ஷெரீப் அதைச் சிறைக்குப் பின்னால் கட்டச் சொன்னார். தான் மட்டும் அதன் பக்கமே போகவில்லை.

"குதிரைன்னா குதிரை. கழுதைன்னா கழுதை. இந்த ரெண்டுங்கெட்டானை நான் தொட மாட்டேன்," என்றார்.

ஹல்வோர்மேல் புகார் கொடுத்தவன் ரூஃப் ஸ்டாக். இரட்டை வளையம் என்ற பெரிய மாட்டுப்பண்ணைக்கு அவன்தான் மேலாள். காணாமல் போன தங்கள் பண்ணைக் கழுதையை ஹல்வோரின் ஏரில் பார்த்ததாகச் சொன்னான். கழுதையின் தொடையில் இரண்டு வளையங்கள் சூட்டுக்குறியாக இருந்தன. அது அந்தப் பண்ணையின் குறி.

எங்கள் பக்கத்தில் குதிரை, கழுதை திருடினால் பல வருஷம் சிறை. சில ஊர்களில் சிறைக்கு அனுப்பும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள், கயிற்றைத் தேடுவார்கள்.

அன்று மதியம் டெல்ஃபி தட்டைக் கம்பிக்குக் கீழே தள்ளினாள். ஹல்வோர் அதைத் தொடவில்லை.

"என் கழுதை," என்றார். "நான் திருடல. என் கழுதை."

பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து, குழந்தையை ஆட்டுவது போல ஆட்டிக் காட்டினார். கிழக்குப் பக்கம் விரலை நீட்டினார். ஒரு விரலை மட்டும் தூக்கி, தலையை அசைத்தார்.

டெல்ஃபிக்குப் புரிந்தது. வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் அம்மா தனியாக இருக்கிறாள்.

"கைதியோட பேசக் கூடாது," என்றார் ஷெரீப் வாசலிலிருந்து. சொல்லிவிட்டுத் திரும்பி, தெருவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபி பேசி முடிக்கும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, அவரு திருடல."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் கோரா, மாவைப் பிசைந்துகொண்டே. "அந்த ஓடை அவரு நிலத்துலதான் திரும்புது. அந்தத் தண்ணி மேல ரூஃபுக்கு ரெண்டு வருஷமாக் கண்ணு. ஆனா தோணுதுன்னு சொன்னா நீதிபதி விட்ருவாரா? குறி இருக்கே."

"ஷெரீப் ஐயா விட்ரலாமில்ல?"

"அவரு பூட்டி வெச்சிருக்கறதே அந்த மனுஷனைக் காப்பாத்தத்தான்டி."

அம்மா சொன்னது புதன்கிழமை நண்பகலில் டெல்ஃபிக்கு விளங்கியது. அவள் தட்டோடு உள்ளே இருந்தபோது தெருவில் குளம்புச் சத்தம் கேட்டது. ரூஃப் ஸ்டாக்கும் அவனுடைய ஏழு ஆட்களும் குதிரையில் வந்து சிறைக்கு முன்னால் நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி. ஒருவன் சேணத்தில் சுருட்டிய கயிறு.

ஷெரீப் நாற்காலியிலிருந்து எழவில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கி அவர் மடியில் கிடந்தது.

"ஹாஸ்கெல், அவனை எங்ககிட்ட விட்ரு," என்றான் ரூஃப். "சனிக்கிழமை நீதிபதி வந்து, கேஸ் பேசி, எதுக்கு எல்லாருக்கும் தொல்லை?"

"சரி," என்றார் ஷெரீப்.

உள்ளே டெல்ஃபி கம்பி வழியாக ஹல்வோரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஷெரீப் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"ஒரு சின்ன வேலை இருக்கு. ஆளு எங்கன்னு நீதிபதி கேப்பாரில்ல? யாரு யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு நான் எழுதிக் குடுக்கணும். ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து முழுப் பேரையும் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. எனக்கு எழுத்துக் கூட்டறது கொஞ்சம் தகராறு."

யாரும் அசையவில்லை. ஒரு குதிரை மட்டும் தும்மியது.

"முதல்ல யாரு? கயிறு வெச்சிருக்கியே, நீ வா. உன் பேரு என்ன?"

கயிறு வைத்திருந்தவன் கயிற்றைப் பார்த்தான். அது தன்னுடையது இல்லை என்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ? சிவப்புச் சட்டை. நீ கரோவர் வீட்டுப் பையன்தானே? கரோவருக்கு ஒரு 'ர'வா, ரெண்டு 'ர'வா?"

சிவப்புச் சட்டைக்காரன் மெல்லக் குதிரையைத் திருப்பினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் போய்விட்டார்கள். ரூஃப் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான்.

"சனிக்கிழமை பாத்துக்கறேன்," என்றான்.

"வா. பேரையும் எழுதிக் கொண்டா," என்றார் ஷெரீப்.

அவன் போன பிறகு டெல்ஃபி வெளியே வந்தாள். ஷெரீப்பின் கையில் பென்சில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன முழிக்கற? பென்சில் கனமா இருக்கு," என்றார்.

"ஆமாங்கய்யா. இந்தக் கடைப் பென்சிலெல்லாம் கனம்தான்," என்றாள் டெல்ஃபி.

மீசை ஒருமுறை அசைந்தது. அவர் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை டெல்ஃபி கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். செவ்வாயிலிருந்தே அதற்குப் புல் போடுவதும் தண்ணீர் காட்டுவதும் அவள்தான். அதன் பெயர் ப்ரூனா என்று ஹல்வோர் சொல்லிக்கொடுத்திருந்தார். கயிற்றை அவிழ்த்து, கையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடத்தினாள்.

ப்ரூனாவுக்குத் தொட்டி பிடிக்கவில்லை. துணி துவைக்கும் சியர்ஸ் அம்மாவின் கொடியில் காய்ந்த துணிகள் பிடித்திருந்தன. அது வேகமாக நடந்தது. பிறகு ஓடியது.

நிற்கச் சொல்ல எங்கள் ஊரில் "ஹோ" என்பார்கள். குதிரையும் நிற்கும், கழுதையும் நிற்கும், மாடுகூடச் சில சமயம் நிற்கும்.

"ஹோ. ப்ரூனா, ஹோ," என்று கத்தினாள் டெல்ஃபி.

ப்ரூனா காதைக்கூட அசைக்கவில்லை. டெல்ஃபியை இழுத்துக்கொண்டு ஒரு போர்வைக்குள் புகுந்து, இரண்டு காற்சட்டைகளுக்கு நடுவே வெளியே வந்தது.

"ஹோ. ஹோ. ஹோ."

அப்போது சிறையின் பின்ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குதிரை உதட்டைப் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

"ப்ர்ர்ர்ர்ரோ."

ப்ரூனா ஆணி அடித்தது போல நின்றது. டெல்ஃபி நிற்கவில்லை. அவள் நேராகப் போய் சியர்ஸ் அம்மாவின் துணித் தொட்டியில் உட்கார்ந்தாள்.

சோப்பு நுரைக்குள் உட்கார்ந்தபடியே அவள் யோசித்தாள். பிறகு சொட்டச் சொட்ட ஷெரீப்பிடம் ஓடினாள்.

"ஐயா, ப்ரூனாவுக்கு ஹோன்னா என்னன்னு தெரியல."

"மழை பெய்யுதா என்ன?" என்றார் ஷெரீப், அவளை மேலும் கீழும் பார்த்து.

"கேளுங்கய்யா. ஹல்வோர் அண்ணன் உதட்டால ஒரு சத்தம் போட்டாரு. உடனே நின்னுடுச்சு. நான் அத்தனை தடவை ஹோ சொல்லியும் நிக்கல."

"அவன் குரல் அதுக்குப் பழக்கம். ரெண்டு வாரம் தீனி போட்டவன் குரலுக்குக்கூடக் கழுதை நிக்கும்னு ரூஃப் சொல்லுவான்."

டெல்ஃபி பாவாடையைப் பிழிந்தாள். "சரி, வேற யாராவது அந்தச் சத்தம் போட்டு நின்னா? அதோட, ரூஃப் பண்ணையில இது எத்தனை நாள் இருந்துச்சாம்?"

"மார்ச்சுல வாங்கினாங்களாம். ஆகஸ்ட் கடைசில காணாமப் போச்சாம். அஞ்சு மாசம் அவனே பழக்கினானாம்."

"அஞ்சு மாசம் பழக்கினவன் ஹோ சொல்லிக் குடுக்காம இருப்பானா? நானெல்லாம் பள்ளிக்கூடம் போன மொத நாளே உக்காரு, எந்திரின்னு கத்துக்கிட்டேன்."

ஷெரீப் நாற்காலியை ஒரு அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஒருவர் பேச்சைக் கவனிக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

"முதல்ல ரூஃபைப் பேச விடணும்," என்றார் மெதுவாக. "அஞ்சு மாசம், நானே பழக்கினேன்னு சத்தியம் பண்ணட்டும். அதுக்கப்புறம் கழுதை பேசும். அந்தச் சத்தத்தை நீ போட்ருவியா?"

டெல்ஃபி போட்டுக் காட்டினாள். "நீங்களும் போட்டுப் பாருங்கய்யா. உதட்டைத் தளர்த்தி விட்டுட்டு..."

"நான் ஷெரீப்," என்றார் அவர். "போய்த் துணி மாத்து."

சனிக்கிழமை காலை நீதிபதி பாமராய் வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். வருஷம் முழுக்க ஜலதோஷம். நீதிமன்றத்துக்கென்று எங்கள் ஊரில் கட்டடம் கிடையாது. கோராவின் கடைமேஜை ஒன்றைத் தெருவில் போட்டு அவர் உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்றது. இரட்டை வளையத்தின் ஏழு ஆட்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹல்வோரின் மனைவி சிக்னே, கைக்குழந்தையோடு நின்றாள். பதினோரு மைல் நடந்தே வந்திருந்தாள். பூட்ஸ் முழுக்கப் புழுதி.

ரூஃப் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்தான்.

"மார்ச்சுல வாங்கினோம். அஞ்சு மாசம் நானே பழக்கினேன். என் ஒரு வார்த்தைக்கு நிக்கும், ஒரு வார்த்தைக்கு நடக்கும்," என்றான்.

நீதிபதி மூக்கைச் சிந்தினார். ஹல்வோரைப் பார்த்தார். ஹல்வோர் அதே மூன்று வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் கழுதை. திருடல.

"மொழிபெயர்க்க யாரும் இல்லையா?"

"நார்வே மொழி தெரிஞ்ச ஒரு பாதிரியாருக்குத் தந்தி அடிச்சேன். வர இன்னும் மூணு நாள் ஆகும்," என்றார் ஷெரீப். "ஆனா கழுதை இங்கதான் இருக்கு. ரூஃப் ஒரு வார்த்தைக்கு நிக்கும்னு சொன்னாரு. நிறுத்திக் காட்டட்டும்."

ரூஃப் ஒரு கணம் தயங்கினான். பிறகு சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கினான். ஒருவர் ப்ரூனாவின் பின்பக்கம் தட்டிவிட்டார். அது நடந்தது.

"ஹோ," என்றான் ரூஃப்.

ப்ரூனா நடந்தது.

"ஹோன்னு சொல்றேன்ல."

ப்ரூனா அவனை இழுத்துக்கொண்டு கொல்லன் பட்டறையைத் தாண்டியது. அவனுடைய தொப்பி விழுந்தது. ஒரு வண்டியில் முட்டைக்கோஸ் இருந்தது. அது இருக்கும் இடத்தில் ப்ரூனா தானாகவே நின்று ஒன்றைக் கடித்தது.

"பாத்தீங்களா, நின்னுடுச்சு," என்றான் ரூஃப் மூச்சு வாங்க.

"முட்டைக்கோஸுக்கு நின்னுது," என்றார் நீதிபதி. "உனக்கு நிக்கல."

"அதுக்கு இன்னிக்கு மனசு சரியில்லீங்க. கழுதை புத்தி உங்களுக்குத் தெரியாததா?"

அப்போது டெல்ஃபி முன்னால் வந்தாள். நார்வேக்காரர்கள் கழுதையை நிறுத்த வேறு ஒரு சத்தம் போடுவார்கள், அதைத் தான் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். குரல் நடுங்காமல் இருக்க, பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இது செல்லாது," என்று பாய்ந்தான் ரூஃப். "இந்தப் பொண்ணு அஞ்சு நாளா அதுக்குத் தண்ணி காட்டுது. அது இவளுக்குப் பழகிப்போச்சு."

நீதிபதி யோசித்தார். "அவர் சொல்றதும் நியாயம்தான், குழந்தே. இந்தக் கழுதையைத் தொடாத ஒருத்தர் அந்தச் சத்தத்தைப் போடணும். அதுக்கும் நின்னா நான் ஒத்துக்கறேன். யாரு வர்றீங்க?"

கொல்லன் தன் காலணியைப் பார்த்தார். கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். சியர்ஸ் அம்மா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஏழு குதிரைக்காரர்களும் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால்கூட முன்னால் வரவில்லை.

டெல்ஃபி ஷெரீப்பைப் பார்த்தாள். அவர் ப்ரூனாவின் பக்கமே போகாதவர். அவளுக்கு அது நினைவுக்கு வந்த அதே நேரத்தில் அவருக்கும் வந்துவிட்டது. அவர் காதுகள் சிவந்தன.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. எதிரே எட்டுத் துப்பாக்கிகள். இத்தனை வருஷமாக இந்த ஊரை அவர் கட்டிக் காத்தது துப்பாக்கியால் அல்ல. அவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது, அதனால்தான். உதட்டை அடித்துக் குதிரை மாதிரிச் சத்தம் போடும் ஷெரீப்புக்கு நாளை யார் பயப்படுவார்கள்? டெல்ஃபிக்கு அது புரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

சிக்னேயின் கையில் குழந்தை சிணுங்கியது.

ஷெரீப் எழுந்தார். தொப்பியைக் கழற்றி, துப்பாக்கியோடு சேர்த்து நாற்காலியில் வைத்தார். தெரு நடுவில் போய் நின்றார்.

"கழுதையை நடத்துங்க," என்றார்.

ப்ரூனா தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தது. ஷெரீப் மூச்சை இழுத்தார்.

"ப்ஃப்ஃப்ஃப்."

காற்றுதான் வந்தது. மீசை விசிறி போல எழும்பி விழுந்தது. ப்ரூனா நடந்துகொண்டே இருந்தது. எங்கோ ஒருவர் இருமினார்.

மறுபடியும் ஊதினார். மறுபடியும் மீசைதான் பறந்தது. உதடு அடிக்க வழியில்லாமல் அந்த மீசை ஈரப் போர்வை போல மூடிக்கொண்டிருந்தது.

டெல்ஃபி கையை உயர்த்தினாள். தன் மூக்குக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, இல்லாத ஒரு மீசையை மேலே தூக்கிக் காட்டினாள்.

ஷெரீப் அவளை முறைத்தார். அந்த முறைப்பில் ஒரு குதிரைத் திருடன் பழைய குற்றங்களையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருப்பான். டெல்ஃபி விரல்களை எடுக்கவில்லை.

ஊர் பார்க்க, ரூஃப் பார்க்க, ஏழு குதிரைக்காரர்களும் பார்க்க, ஷெரீப் ஹாஸ்கெல் தன் மீசையை இரண்டு விரல்களால் மூக்குவரை தூக்கிப் பிடித்தார். ஆண்ட்லர் ஊர் முதன்முறையாக அவருடைய உதடுகளைப் பார்த்தது. ரோஜா நிறத்தில், சின்னப் பையனுடையவை போல இருந்தன.

"ப்ர்ர்ர்ர்ர்ரோ."

ப்ரூனா நின்றது. நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நின்றன.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஒரே நொடியில் தெரு முழுக்கச் சிரித்தது. கொல்லன் தூணைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி சிரித்துத் தும்மி, தும்மிச் சிரித்தார். இரட்டை வளையத்தின் ஆட்களும் குதிரைமேல் குலுங்கினார்கள். சிவப்புச் சட்டைக்காரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இதுக்குப் போய் நாம ஹோ ஹோன்னு கத்தினோமே," என்றான் அவன் பக்கத்தில் இருந்தவனிடம். "ஜூலைல மேய வந்து பத்து நாள்தானே நம்மகிட்ட இருந்துச்சு. அதுக்குள்ள அது என்னத்தக் கத்துக்கும்?"

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. சிவப்புச் சட்டைக்காரன் கடைசியாகத்தான் நிறுத்தினான். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது.

நீதிபதி கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"ஜூலையா?" என்றார். "பத்து நாளா? அந்தப் பத்து நாள்லதான் குறி போட்டீங்களா, தம்பி?"

அவன் ரூஃபைப் பார்த்தான். ஷெரீப்பைப் பார்த்தான். ஷெரீப் இன்னும் தெரு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். மீசை இப்போது கீழே இறங்கி இருந்தது.

"ரூஃப் போடச் சொன்னாரு," என்றான் அவன். "நாலாம் நாளு கயித்தை அறுத்துட்டு வீட்டுக்கு ஓடிச்சு. மறுபடி பிடிச்சுட்டு வந்தோம். பத்தாம் நாளும் ஓடிச்சு."

நீதிபதி தீர்ப்பை எழுதி, உரக்க வாசித்தார். ஹல்வோரை விடுவிக்கலாம், கழுதை அவருடையது. பொய்ச் சத்தியம் செய்ததற்கும் அடுத்தவர் கழுதைக்குக் குறி போட்டதற்கும் ரூஃப் ஸ்டாக்கை உள்ளே வைக்க வேண்டும்.

சொன்னது ஹல்வோருக்குப் புரியவில்லை. டெல்ஃபி ஓடிப்போய் ப்ரூனாவின் கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது புரிந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிக்னே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் குழந்தையோடு அவரை எப்படிக் கட்டிக்கொள்வது? பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த கைகளில் குழந்தையைத் திணித்துவிட்டுக் கணவனிடம் ஓடினாள்.

அந்தக் கைகள் ஷெரீப்புடையவை.

அவர் குழந்தையை வெடிமருந்துப் பெட்டியைப் பிடிப்பது போலப் பிடித்தார். குழந்தை அவரைப் பார்த்தது. இரவெல்லாம் அம்மாவின் தோளில் பதினோரு மைல் வந்த குழந்தை. அது ஒரு கொட்டாவி விட்டது. அவருடைய தோளில் கன்னத்தை வைத்து, உடனே தூங்கிப்போனது.

இந்தச் சந்தடியில் ரூஃப் மெல்ல மெல்லத் தன் குதிரை பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். டெல்ஃபி பார்த்துவிட்டாள். கத்த வாயைத் திறந்தாள்.

"ரூஃப்," என்றார் ஷெரீப்.

கத்தவில்லை. கிட்டத்தட்டக் கிசுகிசுப்புதான். ஒரு கை குழந்தையின் முதுகில் இருந்தது. துப்பாக்கி பத்தடி தள்ளி நாற்காலியின் மேல் கிடந்தது.

"கதவு அந்தப் பக்கம்."

ரூஃப் தன் ஆட்களைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் தொப்பியைக் கழற்றியிருந்தான். ஊர் மக்களைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அத்தனை பேரும் இப்போது ஷெரீப்புக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். கொல்லன் கையில் சுத்தியல்கூட இருந்தது.

ரூஃப் தானாகவே நடந்து சிறைக்குள் போனான்.

"கதவைச் சாத்திக்கோ," என்றார் ஷெரீப் அதே குரலில். "மெதுவா. குழந்தை தூங்குது."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டெல்ஃபி பக்கத்தில் போய் நின்றாள். "குழந்தையை நான் வாங்கிக்கட்டுமாங்கய்யா?"

"வேணாம். கை மாத்தினா முழிச்சுக்கும்."

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

"அது எந்திரிக்கற வரைக்கும்," என்றார் ஷெரீப். "உனக்கு வேற வேலை இல்லையா?"

டெல்ஃபிக்கு வேறு வேலை இருந்தது. ஆனால் அவள் போகவில்லை. தபால் வண்டி வந்தது. மாவு மூட்டை ஏற்றிய வண்டி வந்தது. ஒவ்வொரு வண்டிக்காரரும் தெரு நடுவில் நின்ற அந்தப் பெரிய மனிதரைப் பார்த்தார், கடிவாளத்தை இழுத்தார், சக்கரம் சத்தம் போடாமல் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.